சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள், கோமளா

என் மூக்குத்திக்காரிக்கு,

படம் போட்டுவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை, ஆவடியில், நீ ஆசைப்பட்டபடியே, ஒரு பாட்டுகூட விடாமல், முழுச் சத்தத்தோடு. எந்தப் படமானாலும் முடிவைத் தெரிந்துகொண்டுதான் நீ பார்க்க உட்காருவாய். 'யார் சேருகிறார்கள், யார் சாகிறார்கள், முதலிலேயே சொல்லிவிடு, பிறகு நான் முகங்களை நிம்மதியாகப் பார்ப்பேன்' என்பாய். அதனால்தான் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகப் படி.

இந்தக் கடிதத்தை நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் ஆண்டு மலரில் போடப் போகிறார்கள். உன் தோழி ரஞ்சிதம்தான் எழுதச் சொன்னாள். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பிறவியிலேயே காது கேளாதவள். நான் கேட்கிறவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து கம்பெனியில் நீ பேக்கிங் செய்துகொண்டிருந்தாய். டீக்கடையில் உன் தோழிகளோடு நீ கையால் சண்டை போடுவதைப் பார்த்துத்தான் எனக்கு உன் மேல் ஆசை வந்தது. ஊரில் எவ்வளவோ சண்டை பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகான சண்டையைப் பார்த்ததில்லை. சிகரெட் அட்டையின் பின்னால் 'பேர் என்ன?' என்று எழுதி நீட்டினேன். நீ அதே அட்டையில் 'எதற்கு?' என்று எழுதிக் கொடுத்தாய்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது எங்கம்மா, "வாய் பேசாத பொண்ணக் கட்டிகினு எப்டிடா குடித்தனம் பண்ணுவ?" என்று கேட்டாள். "பேசறவங்கல்லாம் இன்னா பேசிக் கிழிச்சிட்டாங்க?" என்றேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பின்னாளில் உன் கைப்பேச்சைப் பாதிக்குப் பாதி கற்றுக்கொண்டு, என்னைப் பற்றி உன்னிடமே கோள் சொன்னவளும் அவள்தான்.

படத்துக்கு வருகிறேன். நமக்குக் கல்யாணமான புதிதில் ஆவடி தியேட்டரில் பழைய படங்களை மறுபடி போடுவார்கள். அப்படி வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நாம் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. காதல், பாட்டு, சிரிப்பு, மூன்றும் உண்டு. பேரை எழுத மாட்டேன். நீ அதற்கு வைத்த பேர் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டுவது. அதை எழுத்தில் எப்படி எழுதுவது?

பாட்டென்றாலே எரிச்சல் படுகிற ஒரு பணக்காரர். அவர் வீட்டில் யாரும் முணுமுணுக்கக்கூடக் கூடாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எதிர்வீட்டு மாடியில் குடிவந்த பாட்டுக்காரன் மேல் காதல். அப்பா வெளியே போனதும் ஜன்னலுக்கு ஜன்னல் பாடிக்கொள்வார்கள். வீட்டுச் சமையற்காரன் கரண்டியோடு வாசலில் நின்று காவல் காப்பான். முதலாளி தெருமுனையில் வருகிறார், செருப்பைக் கழற்றுகிறார், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், பாட்டை நிறுத்து என்று எல்லாவற்றையும் கையாலேயே ஜாடை காட்டுவான்.

சமையற்காரன் முதல் ஜாடை காட்டியதும் நீ சிரித்தாய். தியேட்டரே சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் சிரித்தாய். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் பெரியது. அது உனக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. எனக்கு அது அப்படியே வேண்டியிருந்தது.

படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டாய். 'அந்தப் படத்தில் ஒரே ஒருவன்தான் என் பாஷை பேசுகிறான். மற்ற இரண்டு பேரும் ஜன்னலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்களே, அவர்கள் என்ன சொல்கிறார்கள்?' எனக்கு அப்போது தெரிந்த கைப்பேச்சை வைத்துக்கொண்டு சொன்னேன். நிலா. கண். நீ. நான். தூக்கமில்லை. நீ யோசித்துவிட்டு, 'இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?' என்றாய்.

அடுத்த வாரமும் அதே படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாய். அந்தத் தடவை எல்லாரும் பின் வரிசைக்கு முண்டியடிக்க, நீ என்னைத் தரதரவென்று திரைக்குப் பக்கத்துக்கு இழுத்துப் போனாய். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கிக்குக் கீழே இருந்த மரப்பலகையில் காலை வைத்துக்கொண்டாய். பாட்டு வந்ததும் உன் கால்விரல் மெல்ல ஆடத் தொடங்கியது. தபலாவுக்குச் சரியாக ஆடியது. நான் திரையைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்போம்? தியேட்டரே போய் அந்த இடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. நம் மகள் இந்து பிறந்து, படித்து, ஐடி கம்பெனியில் வேலைக்குப் போய், திருவேற்காட்டில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டாள். நான் ரிடையர் ஆனேன். அப்போதுதான் நீ அந்த முடிவை எடுத்தாய். டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற, காது கேளாத உங்கள் கூட்டத்துக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், பாட்டு வரும்போது திரைக்குப் பக்கத்தில் நீங்களே நின்று அதைக் கையால் பாட வேண்டும். மறுநாளே பாட்டை வரிவரியாக எழுதித் தரச் சொன்னாய். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டாய். நான் சொல்கிற பொருள் உனக்குப் போதவில்லை. 'பொருள் சரி, அது ஏன் அங்கே வருகிறது?' என்று கேட்டால் லேத்காரன் என்ன சொல்லுவான்?

ஒரு பாட்டில் 'மாலை' என்ற சொல்லை வைத்து விளையாடியிருப்பார்கள். ஒரு இடத்தில் அது சாயங்காலம், அடுத்த இடத்தில் கழுத்தில் போடுகிற பூமாலை. 'இதெல்லாம் கைக்கு வராது, காதுக்குத்தான்' என்று நான் விட்டுவிடச் சொன்னேன். நீ அடுப்படியில் நாள் முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் செய்து காட்டினாய். வலது கை சூரியனாக மேலிருந்து மெல்லச் சரிந்தது. தோள் மட்டத்துக்கு வந்து மறைகிற நேரத்தில் அந்தக் கை நிற்கவில்லை, அப்படியே வளைந்து வந்து என் கழுத்தைச் சுற்றி மாலையாக விழுந்தது. சூரியன் இறங்குவதும் மாலை விழுவதும் ஒரே அசைவு. அந்தப் பாட்டை எழுதியவர் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். அதற்கப்புறம் ரஞ்சிதத்துக்கு ஒவ்வொரு பாட்டாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாய்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோவில் உன் தலை என் தோளில் இருந்தது. ஒரு கையை மட்டும் எடுத்து, 'அடுப்பை அணைத்தாயா?' என்று கேட்டாய். 'அணைத்துவிட்டேன்' என்றேன். அதற்கப்புறம் உன் கை எதுவும் பேசவில்லை.

நம் வீட்டைப் பற்றி ஊரார் என்ன நினைத்திருந்தார்கள், தெரியுமா? நிசப்தமான வீடு என்று. நீ பாத்திரம் வைக்கிற சத்தம் கோவில்பதாகையில் மூன்று தெருவுக்குக் கேட்கும். கதவை நீ சாத்தினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். நீ போன பிறகுதான் அது நிசப்தமான வீடு. டிவியை நான் போடவில்லை. பாட்டு எழுதிய தாள்களை எடுத்துப் பார்க்கவும் இல்லை. இந்து வாராவாரம் வந்து, "எங்கூட வந்துடுப்பா" என்பாள். "பாக்கலாம்மா" என்பேன்.

காலிங் பெல் அடித்தால் கூடத்திலும் அடுப்படியிலும் எரிகிற விளக்கை நான் இன்னும் கழற்றவில்லை. ஒருநாள் மத்தியானம் அந்த விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. விடாமல் எரிந்தது. கதவைத் திறந்தால் ரஞ்சிதம், பெல்லிலிருந்து விரலை எடுக்காமலே நிற்கிறாள். உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவளாயிற்றே, உன் பிடிவாதத்தில் பாதி இல்லாமலா போகும்? உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

'படம் என்ன ஆச்சு?' என்று கேட்டாள்.

'எந்தப் படம்? அவளே போய்விட்டாள்' என்றேன்.

'பாட்டின் வார்த்தையெல்லாம் உன்னிடம் இருக்கிறது. எந்த வார்த்தை எப்போது வருகிறது என்று கேட்டுச் சொல்ல உனக்குக் காது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா.'

'என்னால் முடியாது, ரஞ்சிதம். அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாது.'

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். 'அவள் உனக்கு மட்டும்தான் செத்தாளா?'

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தாள்களை எடுத்துக்கொண்டு டியூஷன் சென்டர் மாடிக்குப் போனேன். அன்று முடிவு செய்தேன், கோமளா. என்ன வந்தாலும் இந்தப் படத்தைப் போடாமல் விடுவதில்லை என்று.

முதல் எதிர்ப்பு அங்கேயே வந்தது. வினோத்தை உனக்குத் தெரியும். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், கோபக்காரன், நல்லவன். அவன் எழுந்து நின்று கேட்டான். 'கேட்கிறவர்கள் தங்களுக்காக எடுத்த படம். அவர்கள் பாட்டை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டும்? நமக்கென்று நாடகம் இல்லையா, கதை இல்லையா?' கேள்வி நியாயமானது. நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் வாதாடவில்லை. அவனை எழுப்பி எதிரில் நிறுத்தி, நீ கற்றுக்கொடுத்த அந்த மாலையைப் போட்டாள். சூரியன் இறங்கி அவன் கழுத்தில் பூவாக விழுந்தது.

அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். 'இதைக் கோமளாக்காவா செய்தார்?' என்று கேட்டான். ரஞ்சிதம் தலையாட்டினாள். 'அப்படியானால் இது அவர்கள் பாட்டு இல்லை, நம்முடையது' என்றான். போய் உட்கார்ந்தவன் மறுபடி எழுந்துவந்து, 'காதல் எல்லாம் எனக்கு வராது, சமையற்காரனை எனக்குக் கொடு' என்றான்.

இந்துவுக்குப் போன் செய்தேன். படத்தின் நல்ல பிரதி வேண்டும், பெரிய திரை வேண்டும் என்றேன். "அப்பா, இவ்ளோ கஷ்டம் எதுக்குப்பா? நான் அழகா சப்டைட்டில் போட்டுத் தந்துடறேன். அவங்க படிச்சுக்குவாங்க" என்றாள்.

"பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்களும் படிக்கறதுக்கா வராங்க?"

அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் உன் கைதானே வந்தது? முதன்முதலில் அவள் பால் கேட்டதே கையால்தானே? "சரிப்பா, நானும் வரேன்" என்றாள். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷேர் வேனைப் பிடித்து வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண்ணாக ரஞ்சிதம் இருந்தாள், எதிர்வீட்டுப் பாட்டுக்காரன் வேஷத்துக்குத்தான் ஆளே கிடைக்கவில்லை. கடைசியில் அதை ஏற்றுக்கொண்டவள் ரஞ்சிதத்தின் தங்கை. மீசை வரைந்துகொள்ள அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

கூடத்துக்கு அலைந்தேன். கடைசியில் ஒரு குடியிருப்பு நலச்சங்கத்துக் கூடம் கிடைத்தது. அதன் செயலாளர் தெற்கிலிருந்து வந்து இங்கே வீடு கட்டிக்கொண்டவர். மரியாதையான மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் சார், தாராளமா நடத்துங்க. ஆனா ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். பக்கத்துல குடித்தனக்காரங்க இருக்காங்க" என்றார்.

"ஸ்பீக்கர் வேணும் சார்."

"அவங்களுக்குத்தான் காது கேக்காதே. சத்தம் யாருக்கு?"

"அவங்களுக்குத்தான் சார்."

நான் கேலி செய்கிறேனோ என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்து விளக்கினேன். மேளத்தைக் காதால்தான் வாங்க வேண்டும் என்றில்லை, காலால் வாங்கலாம், நெஞ்சால் வாங்கலாம், என் மனைவி அப்படித்தான் வாங்கினாள் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை. "சரி சார், பகல்லதான நடத்துறீங்க. பாத்து அளவா வைங்க" என்றார்.

கூடத்தில் சிமெண்டுத் தரை. சிமெண்டு அதிர்வைச் சரியாகக் கொடுக்காது. அதனால் பந்தல்காரரிடம் போய் மேடைப் பலகை கேட்டேன். "இன்னா நைனா, கல்யாணமா?" என்றார். சினிமா பார்க்க என்றேன். "சினிமா பாக்க நாற்காலி கேப்பாங்க. நீ இன்னாத்துக்குப் பலகை கேக்கற?" காது கேளாதவர்கள் காலை வைத்துக்கொள்ள என்றேன். அவர் தாடையைத் தடவினார். "எங்க பெரிம்மா பையன், எனக்கு அண்ணன் ஒருத்தன், அப்டித்தான் கீறான். மேளம் அடிச்சா வந்து என் தோள்ல கை வச்சிகினு நிப்பான். இப்பத்தான் புரிது" என்றார். படம் போட்ட அன்று காலை அவரே ஆட்களோடு வந்து கூடம் முழுக்கப் பலகை பரப்பிவிட்டார். அந்த அண்ணனையும் கூட்டி வந்திருந்தார்.

வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும் நீ. திருநின்றவூரிலிருந்து ரயிலில் ஒரு கூட்டம், பூந்தமல்லியிலிருந்து வேனில் ஒரு கூட்டம். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் சிக்கிக்கொண்டு அந்த வேன் நேரம் கழித்துத்தான் வந்தது, அதுவரை யாரும் படத்தை ஆரம்பிக்க விடவில்லை. வாசல் முழுக்கக் கைகள். இந்துவும் நம் கூட்டத்துப் பெண்களும் பலூன் ஊதி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டால் பாட்டு பலூனுக்குள் இறங்கும் என்று வினோத் சொல்லியிருந்தான். எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பலகை மேல் உட்கார்ந்தார்கள்.

என் வேலை இதுதான். திரைக்கு எதிரே, பாடுகிறவர்களைப் பார்த்தபடி நான் நிற்க வேண்டும். வரி தொடங்கும்போது ஒரு கையைத் தூக்க வேண்டும், முடியும்போது இறக்க வேண்டும். அவர்கள் என் கையைப் பார்த்துத் தொடங்குவார்கள். காதும் கேட்டு, ஒவ்வொரு வரியும் தெரிந்தவன் நான் ஒருவன்தானே, நான் இல்லாமல் அவர்களுக்குப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது என்பது என் நினைப்பு. ஒத்திகையில் அப்படித்தான் பழகியிருந்தோம்.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. மாலைப் பாட்டும் வந்தது. ரஞ்சிதத்தின் கை இறங்கி மீசை வைத்த தங்கையின் கழுத்தில் விழுந்தபோது கைதட்டுவதற்குப் பதிலாகக் கூடம் முழுக்கக் கைகள் மேலே எழும்பி இலை மாதிரி ஆடின. வினோத் கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரையிலிருக்கிற சமையற்காரனோடு போட்டி போட்டான். திரையிலிருக்கிறவர் தோற்றுப்போனார் என்றே சொல்லுவேன்.

அடுத்தது சண்டைப் பாட்டு. காதலனும் காதலியும் கோபித்துக்கொண்டு, ஆளுக்கொரு ஜன்னலில் நின்று பதிலுக்குப் பதில் பாடுவது. உனக்கு ரொம்பப் பிடித்தது. மேளம் வேகமாக அடிக்கும். பாதி போயிருக்கும், திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

திரையில் படம் ஓடுகிறது. அவள் வாய் அசைகிறது. ஒலி இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் வந்து கடிந்துகொண்டிருக்கிறார். இவர் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். காது கேளாதவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம்.

அடுத்த நொடியே கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். அத்தனை பேரும், கோமளா. ஒருவர்கூட திரையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அந்தப் பெட்டியின் மேல். செயலாளர் கையை அதிலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கை ஓடவில்லை. எந்த வரி போகிறது என்று தெரியவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அந்தக் கூடத்தில் பாட்டைத் தொலைத்துவிட்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

ரஞ்சிதம் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி மிதித்தாள். இன்னொரு தரம். தங்கையும் மிதித்தாள். வினோத் கரண்டியால் பலகையைத் தட்டினான். முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், சுவரோரம் நின்றவர்கள், பந்தல்காரரின் அண்ணன், எல்லாரும் மிதித்தார்கள். தாளம் ஒன்றுகூடி, அந்தக் கூடத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அந்தத் தாளத்தின் மேல் ரஞ்சிதத்தின் கை பாடியது. திரையில் அவள் தலையைச் சிலுப்பினால் இவளும் சிலுப்பினாள், அங்கே ஜன்னல் சாத்தினால் இங்கேயும் சாத்தினாள். ஒரு வரிகூட முன்னும் பின்னும் போகவில்லை. நான் கையை இறக்கிவிட்டு, அவர்களோடு மிதிக்கத் தொடங்கினேன். அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. நீ ரஞ்சிதத்துக்கும், அவள் அவர்களுக்கும் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. காலை மட்டும் நான் நிறுத்தவில்லை.

இந்து ஓடிப்போய் செயலாளரிடம், "சார், சவுண்ட் வைங்க சார். இப்ப வர்ற சத்தத்துக்கு அதுவே பரவால்ல" என்றாள். அவர் சத்தத்தை மறுபடி வைத்தார். ஒலி வந்தபோது திரையில் என்ன வரியோ அதே வரியில்தான் ரஞ்சிதத்தின் கை இருந்தது. செயலாளர் அதைப் பார்த்தார். வெளியே போய், புகார் சொல்லவந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கையோடு அழைத்துவந்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். "ஆறு மணிக்கு முடிச்சிருவாங்க. அதுவரைக்கும் நீங்களும் பாருங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

படம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. திருநின்றவூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், உன்னைவிட மூத்தவர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்கு டிவி வந்த நாளிலிருந்து அந்தப் படத்தைப் பார்ப்பாராம். 'ஜன்னலில் நின்று அந்தப் பையன் இத்தனை நேரமும் சோறுதான் கேட்கிறான் என்று நினைத்தேன். அதனால்தான் சமையற்காரன் கரண்டியோடு வருகிறான் என்று நினைத்தேன்' என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். 'மற்ற படங்களில் எல்லாம் என்ன பாடுகிறார்கள்?'

என்ன பதில் சொல்லுவது, கோமளா? ஒரு படத்துக்கே நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. அவருக்கோ வயதாகிறது. எனக்கும்தான்.

பலகையை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரஞ்சிதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கண் ஆபரேஷன் நல்லபடி ஆயிற்று, இப்போது ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். அப்புறம் என்னைப் பற்றி ஒன்று சொன்னாள். 'நீ கை பேசுவதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கற்றவன் மாதிரி இல்லை. எங்கள் யாரைப் போலவும் இல்லை. அவசரமாகத் தொடங்கி, கடைசியில் சுண்டுவிரலை இழுத்து முடிக்கிறாய். அது கோமளாவின் பேச்சு. அவளைத் தவிர யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.'

எனக்கு இது தெரியாது. யாரிடம் கற்றேனோ அவள் வாடை என் கையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, 'சாப்பிட்டாயா?' என்று கையால் கேட்டுப் பார்த்தேன். ரஞ்சிதம் சொன்னது சரிதான்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் விடப் போவதில்லை. அடுத்த படத்துக்குச் சண்டை தொடங்கிவிட்டது. வினோத்துக்குப் புதுப் படம் வேண்டுமாம், ரஞ்சிதத்துக்குப் பேய்ப் படம். எதுவானாலும் சரி. வார்த்தைகளை நான் எழுதிக் கொடுப்பேன், அது ஏன் அங்கே வருகிறது என்று அவர்கள் கேட்டால் யோசித்துச் சொல்வேன். எந்தக் கூடத்தில் சத்தம் வேண்டாம் என்றாலும் உட்கார்ந்து விளக்குவேன், விளங்காவிட்டால் மறுநாளும் போவேன். இந்து வீட்டுக்கு நான் குடிபோகவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஒருநாள்கூட இந்தக் கையைப் பேசாமல் வைத்திருக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
தாமோதரன்
கோவில்பதாகை